கூலன்ட் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

பம்பாயில், செம்பூரில் நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பல வருடங்களாகப் பேச்சு இருந்தது. பேச்சாகவே இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மழைக்காலம் முடிந்ததும் அது நிஜமாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு டெம்போ வந்து வாசலில் நின்றது. கட்டில், பீரோ, பூத்தொட்டி என்று ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் போனது. தீபாவளி முடிந்தபோது பன்னிரண்டு வீடுகளில் இரண்டில்தான் ஆள் இருந்தோம். மூன்றாவது மாடியில் ஒரு குஜராத்திக் குடும்பம், இரண்டாவது மாடியில் நான். காலியான வீடுகளின் கதவுகளையும் ஜன்னல்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் வீடுகள் திறந்து கிடக்கும். ஒரு வீட்டுச் சுவரில் குழந்தைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. படியிலிருந்தே அவை தெரியும்.

நான் தனியாகத்தான் இருந்தேன். மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன என் மனைவி, நடுவில் ஒரே ஒரு தடவை மூன்று வாரம் வந்து இருந்துவிட்டு மறுபடியும் போனாள். எல்லாம் சேர்த்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. சண்டை ஒன்றும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் இரும்பு, ரசாயனம், லாரி என்று இருந்த ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். ஒரே அறையில் ஏழு பேர் படுத்த வீட்டிலிருந்து வந்தவனுக்கு, தனியாக இருப்பது என்பது ஒரு காலத்தில் ஆசைப்பட்ட விஷயமாகக்கூட இருந்தது.

அந்தக் கட்டடத்தில் ஒரு நாயும் இருந்தது. தவிட்டு நிறத்தில், ஒரு காது மட்டும் மடங்கிய பெட்டை நாய். யாருடையது என்று கேட்டால் யாருடையதும் இல்லை. ஆனால் என் மனைவி இருந்தவரை அதற்கு இரண்டு வேளையும் சோறு கிடைத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் பால்கனியில் நின்றுகொண்டு, "ஏட்டி" என்று ஒரு குரல் கொடுப்பாள். திருநெல்வேலிப் பக்கம் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. அது எங்கிருந்தாலும் ஓடிவந்து கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். அவள் போன பிறகு வாட்ச்மேன் தன் ரொட்டியில் பாதியைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதன் மேல் வெறுப்பு கிடையாது. கவனித்ததில்லை, அவ்வளவுதான். பகலெல்லாம் என் காருக்கு அடியில் படுத்திருக்கும். நான் சாவியைத் திருகினால் எழுந்து போய்விடும்.

புதுக் கட்டடம் முடியும்வரை இருக்க வாஷியில் ஒரு வாடகை வீடு பார்த்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள், பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது காரின் வெப்ப முள் மேலே ஏறத் தொடங்கியது. பாதிக்கு மேல் அது ஏறி நான் பார்த்ததே இல்லை. ஏசியை அணைத்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். சர்க்கரைப் பாகு கருகுகிற மாதிரி ஒரு வாசனை. அரை மணி நேரம் ஆறவிட்டு, கையில் இருந்த குடிதண்ணீரை ஊற்றி எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். எஞ்சினைச் சூடேறாமல் வைக்கக் கூலன்ட் என்று ஒன்று இருப்பதையும், அதை மாற்றி நாலைந்து வருடம் ஆகிவிட்டதையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் பக்கத்துச் சந்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தவர். அந்தக் கொட்டகைகளையும் காலி செய்துவிட்டார்கள்.

நாமே மாற்றினால் என்ன என்று தோன்றியது. ஸ்டோர்ஸில் இருந்தபோது கம்பெனி லாரிகளுக்காக எத்தனையோ பீப்பாய் கூலன்ட்டைக் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள்கூட ஒரு ரேடியேட்டரைத் தொட்டதில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து போனில் வீடியோக்களாகப் பார்த்தேன். ஒரு பழைய நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். ஸ்டேஷன் பக்கம் போய்க் கூலன்ட்டும், காய்ச்சி வடித்த தண்ணீர் கேன்களும், ஒரு புனலும் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிட்டேன். முன்பு என்றால் பார்க்கிங்கில் வண்டி ரிப்பேர் செய்யக் கூடாது என்று குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி சண்டைக்கு வருவார். இப்போது அவரே தாணே பக்கம் குடிபோய்விட்டார். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். காருக்கு அடியில் செய்தித்தாளை விரித்தேன். நாய் எழுந்து, சோம்பல் முறித்து, தூண் ஓரம் போய்ப் படுத்துக்கொண்டது. துணி ஊறவைக்கிற நீல டப்பை உள்ளே தள்ளி, மல்லாந்து படுத்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் திருகைத் தேடினேன். அழுக்கில் அது தெரியவே இல்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். திருகினால் திரும்பவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன். சட்டென்று இளகி, முழங்கை வரை நனைத்துக்கொண்டு பழைய கூலன்ட் டப்பில் விழுந்தது. புதிதாக இருந்தபோது கிளிப்பச்சையாக இருந்திருக்கும். இப்போது துருவும் பச்சையும் கலந்து, வடிகட்டாத கஷாயம் மாதிரி இருந்தது.

டப் பாதிக்கு மேல் நிறைந்தபோது போன் அடித்தது. மனைவி. அங்கே அவர்களுக்கு மத்தியானம் தாண்டியிருக்கும். பார்க்கிங்கில் படம் உறைந்து உறைந்து நிற்கும் என்பதால் போனை எடுத்துக்கொண்டு முன் பக்கம் போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

"என்ன கோலம் இது? மூஞ்சியெல்லாம் கரி," என்றாள்.

"காருக்குக் கூலன்ட் மாத்திட்டு இருக்கேன்."

"நீங்களா?" சிரித்தாள். "சாப்பிட்டியளா?"

"இனிமேதான்."

கொஞ்ச நேரம் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அது இப்போது தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறதாம். பிறகு குரலை இறக்கி, "ஒரு விஷயம் சொல்லணும். இவ மறுபடியும் உண்டாயிருக்கா. மூணு மாசம் ஆச்சு," என்றாள்.

"நல்லது," என்றேன்.

"விசாவை நீட்டிக்கலாம்னு மாப்பிள்ளை சொல்லுதாவ. பிள்ளை பொறந்து அது ஒரு நிலைக்கு வரணும்லா. ஒன்றரை வருஷம்னு வச்சிக்கிடுங்க."

"சரி."

"கட்டட பேப்பர்ல என் கையெழுத்து வேணும்னா இங்கயே போட்டு அனுப்பலாமாம். விசாரிச்சாச்சு."

"சரி."

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?"

"என்ன தோணணும்?" என்றேன். "நல்ல விஷயந்தான?"

உள்ளே குழந்தை அழுதது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பேச்சு பத்து நிமிடம்தான் இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் என்றால் அதற்குள் இந்தக் கட்டடம் இருக்காது. புதியது எழும்பிக்கொண்டிருக்கும். அவள் திரும்பி வந்தாலும் வருகிற வீடு வேறு. இதையெல்லாம் வருத்தத்தோடு நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். கையில் பட்ட கூலன்ட் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டியது.

பின்னாலிருந்து வாட்ச்மேன் "சாப், சாப்" என்று கத்துவது கேட்டது. பீகார் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது குறைவு. எதற்கும் அவசரப்படாத ஆள். நான் எழுந்து ஓடினேன். நாய் டப்பின் விளிம்பில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு நின்றது. அவர் கைத்தடியால் தரையில் தட்டி அதை விரட்டிக்கொண்டிருந்தார். டப் ஒரு பக்கம் சாய்ந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. நாயின் முகவாயிலிருந்து பச்சையாகச் சொட்டியது.

"இது குடிக்கலாமா சாப்?" என்று இந்தியில் கேட்டார்.

குடிக்கக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டோர்ஸில் அந்தப் பீப்பாய்களின் மேல் மண்டை ஓட்டுப் படம் ஒட்டியவன் நான்தான். இனிப்பாக இருக்கும், மிருகங்கள் விரும்பிக் குடிக்கும், மூடாமல் வைக்காதீர்கள் என்று லோடர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வடித்த கையோடு டப்பை மூட வேண்டும் என்று என் நோட்டிலும் எழுதியிருந்தேன்.

"எவ்வளவு நேரமா குடிச்சது?"

அவருக்குத் தெரியவில்லை. அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

பெரிய மிருக ஆஸ்பத்திரி பரேலில் இருக்கிறது. பம்பாயில் ஆட்டோவுக்குச் சயானைத் தாண்டி அந்தப் பக்கம் போக அனுமதி கிடையாது. காட்கோபர் போகும் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு கிளினிக் இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். என் காரில் ஒரு சொட்டுக் கூலன்ட் கிடையாது. எடுத்தால் பாதி வழியில் எஞ்சின் போய்விடும். மேலே ஓடி ஒரு பழைய போர்வையை எடுத்துவந்தேன். இருவருமாக நாயை அதில் சுற்றினோம். அது திமிறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ரோட்டில் நான்கு ஆட்டோக்கள் நின்று, போர்வைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போயின. ஐந்தாவது ஆட்டோ வேகத்தைக் குறைத்தபோது நாய் கையில் நெளிந்தது. "ஏட்டி, சும்மா இரு," என்றேன். அப்படி நான் அதைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆட்டோ நின்றுவிட்டது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார் டிரைவர்.

"தாராவி," என்றேன். "அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நாய் விஷம் குடிச்சிட்டு. காட்கோபர் ரோட்டு கிளினிக்குக்குப் போணும்."

"நானும் தாராவிதான். ஏறுங்க. கடிக்குமா?"

"தெரியாது."

"உங்க நாய்தான அண்ணாச்சி?"

நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் நாய் மடியிலிருந்து எழுந்து நிற்கப் பார்த்தது. குடித்தவனைப் போல் கால்கள் பின்னின. தலை ஒரு பக்கமாக ஆடியது. "விரசா போயிருவோம்," என்றார் டிரைவர், திரும்பாமலே.

கிளினிக்கில் இருந்த டாக்டர் ஒரு இளம் மராத்திப் பெண். கூலன்ட் என்று சொன்னதுமே எழுந்து நின்றுவிட்டார். எப்போது குடித்தது, எவ்வளவு குடித்தது என்று கேட்டார். எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. எப்போது என்பதற்கு, ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் என்றேன். உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு படிவத்தை எடுத்து, நாயின் பெயர் என்ன என்று கேட்டாள்.

வாட்ச்மேன் அதை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்றாவது மாடிக் குழந்தைகள் வேறொரு பெயர் சொல்லும். எனக்கு இரண்டும் சரியாக நினைவில்லை. "ஏட்டி," என்றேன். அவள் அதைப் பெயர் என்றே எழுதிக்கொண்டாள். வயது? தெரியாது. தடுப்பூசி? தெரியாது. கடைசியாக என்ன சாப்பிட்டது? அதுவும் தெரியாது. சொந்தக்காரர் என்ற இடத்தில் மட்டும் அவள் என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதினாள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து விளக்கினார். வாந்தி எடுக்க வைத்தாயிற்று. ஆனால் கொஞ்சம் ரத்தத்தில் கலந்துவிட்டது. அந்த விஷம் உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறும்போதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாறாமல் தடுப்பதற்கு ஆல்கஹாலை டிரிப்பில் ஏற்றுகிறார்கள்.

"சாராயமா?" என்று கேட்டுவிட்டேன்.

"கிட்டத்தட்ட அதுதான்," என்றார். "இரண்டு மூன்று நாள் மயக்கத்திலேயே இருக்கும். நீங்கள் சீக்கிரம் கொண்டுவந்தீர்கள். சாயங்காலம் வந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது."

சீக்கிரம் என்று அவர் சொன்னது எனக்கு உறுத்தியது. அந்த மாடிப்படியில் நான் உட்கார்ந்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

வெளியே வந்தால் ஆட்டோக்காரர் இன்னும் நின்றிருந்தார். பிழைத்துக்கொள்ளுமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். வீடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "நல்லா ஆயிரும் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் தரையைக் கழுவினேன். சொட்டு மிச்சமில்லாமல் துணியால் ஒற்றி எடுத்து, மண்ணைத் தூவிக் கூட்டி அள்ளினேன். டப்பில் மிச்சம் இருந்ததைக் காலிக் கேன்களில் ஊற்றி மூடி, என் வீட்டுக் குளியலறையில் வைத்துப் பூட்டினேன். சாப்பிடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வேலையை முடித்தேன். நாயைத் திரும்பக் கூட்டிவர வண்டி வேண்டுமே. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டுத் திறந்துவிட்டேன். துருவாக வந்தது. மறுபடியும் ஊற்றித் திறந்தேன். மூன்றாவது தடவைதான் தண்ணீர் தெளிந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆறுவதற்காகக் காத்திருக்க வேண்டும். பார்க்கிங்கில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. சாயங்காலம் திருகை இறுக்கி, கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிப்பாதியாகக் கலந்து, புனல் வைத்து மெல்ல மெல்ல ஊற்றினேன். அவசரப்பட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். காற்று மாட்டினால் கூலன்ட் இருந்தும் எஞ்சின் சூடாகும். அதை வெளியேற்ற மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓட்ட வேண்டும், காருக்குள் ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன்.

அந்தக் கார் வாங்கிய நாளிலிருந்து பம்பாயில் ஹீட்டர் போட்டதே கிடையாது. உள்ளே உட்கார்ந்து அதைப் போட்டேன். வெந்நீர்ப் பானையைத் திறந்தது போல் முகத்தில் அடித்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. ரேடியேட்டரில் குமிழிகள் வருவது நின்றுவிட்டதா என்று இறங்கிப் பார்ப்பதும், அளவு இறங்கியிருந்தால் கொஞ்சம் ஊற்றுவதும், மறுபடி உள்ளே வந்து உட்காருவதுமாக இருந்தேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ உள்ளே வந்து உட்கார்ந்தபோது அழுகை வந்தது. நாயை நினைத்தா, வேறெதையாவது நினைத்தா என்று தெரியவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சத்தமாகவே அழுதேன். எஞ்சின் ஓடும் சத்தத்தில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தேன், குமிழிகள் நின்றிருந்தன; மூடியை இறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை மனைவி கூப்பிட்டாள். மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். "கார் சரியாயிட்டா?" என்று கேட்டாள். "ஆயிட்டு," என்று சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னேன். படியில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப எப்படி இருக்கா?" என்றாள் கடைசியில்.

"கண்ணு முழிச்சிட்டாம். நாளைக்கு விட்டுருவோம்னு சொன்னாங்க."

"நான் இங்க வந்த பொறவு அவளுக்கு என்னிக்காவது சோறு வச்சீயளா?"

"வாட்ச்மேன் வைப்பாரு."

"நான் உங்களக் கேட்டேன்."

"இல்ல," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி எட்டு மணிக்கு வருவீய," என்றாள். "வந்து பேப்பர் படிப்பீய. பிள்ளை காலேஜுக்குப் போன பொறவு வீட்டுல யாரு இருந்தா? நான் அவகூடத்தான் பேசிட்டு இருப்பேன். பால்கனியில நின்னுக்கிட்டு. என்ன கொழம்பு வச்சேன், மாவு எப்படிப் புளிச்சிதுன்னு எல்லாம் அவளுக்குத் தெரியும்."

முப்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இது எனக்குத் தெரியாது. கோவில், பக்கத்து வீடு, மாதுங்கா மார்க்கெட் என்று அவள் நாள் நிறைந்துதான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே அது எவ்வளவு மட்டமான கேள்வி என்று புரிந்துவிட்டது. "நாளைக்கு அவளக் கூட்டிட்டு வந்ததும் காட்டுங்க," என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை காரிலேயே போய்க் கூட்டிவந்தேன். இளைத்துப் போயிருந்தது. ஊசி ஏற்றுவதற்காக ஒரு முன்னங்காலில் முடியை மழித்திருந்தார்கள். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். பார்க்கிங்கில் கதவைத் திறந்ததும் குதித்து இறங்கி, நேரே வாட்ச்மேனின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் கிட்டே போனால் எழுந்து தள்ளிப் போனது. வீடியோ போட்டு, போனை நீட்டிப் பிடித்தேன்.

"ஏட்டி," என்றாள் மனைவி, அங்கிருந்து.

மடங்காத காது விறைத்தது. எழுந்து நின்றது. போனைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி ஓடி, முற்றத்துக்குப் போய், தலையை நிமிர்த்தி இரண்டாவது மாடிப் பால்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றது. "ஏட்டி, ஏட்டி" என்று அவள் கூப்பிடக் கூப்பிட, வால் ஆடிக்கொண்டே இருந்தது. பால்கனியில் என் துண்டு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

"போதும், வச்சிருங்க," என்றாள் அவள்.

அன்றிலிருந்து காலி செய்யும் நாள்வரை இரண்டு வேளையும் நானே சோறு வைத்தேன். தட்டை வைத்துவிட்டு நான் பத்தடி தள்ளிப் போனால்தான் வந்து சாப்பிடும். காருக்கு அடியில் அது மறுபடியும் படுக்கவே இல்லை. வாஷிக்குக் கூட்டிப் போகலாமா என்று யோசித்தேன். அந்தக் குடியிருப்பில் நாய்க்கு அனுமதி வாங்கிவிடலாம் என்று புரோக்கரும் சொன்னார். ஆனால் அது காரில் ஏற மறுத்தது. தூக்கி ஏற்றப் போனபோது முதல் முறையாக என்னைப் பார்த்து உறுமியது. வாட்ச்மேன் சிரித்தார். கட்டடம் இடித்து முடிக்கும்வரை பில்டர் அவரை அங்கேயே வைத்துக்கொள்கிறார். "இருக்கட்டும் சாப். எனக்கும் ஒரு துணை," என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

வாஷி வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலில் நின்றால் ரயில் போவது பொம்மை மாதிரித் தெரியும். லிஃப்டில் பார்க்கிறவர்கள் தலையசைப்பார்கள். முதல் வாரம் பெட்டிகளைப் பிரிப்பதிலேயே போனது. அதன் பிறகு பிரிக்க ஒன்றும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. குளிர்சாதனப் பெட்டி ஓடி நிற்கும்போது அது நின்றது தெரியும்.

அப்படி ஒரு மத்தியானம், வழக்கமாக அவள் கூப்பிடும் நேரத்துக்குக் காத்திராமல் நானே கூப்பிட்டேன். என்ன ஆச்சு, உடம்புக்கு ஏதாவதா என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு என்ன செஞ்ச? அதக் கேக்கத்தான்."

"என்ன செஞ்சேன்னா?"

"காலையில இருந்து."

அவளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு சொல்லத் தொடங்கினாள். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தினமும் ஒரு பூங்காவுக்குப் போவாளாம். ஒரு பெஞ்சு இருக்கிறதாம். எதிரே ஒரு கிழவர் வந்து உட்காருவாராம். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது, அவருக்கும் இங்கிலீஷ் வராது. இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். பிள்ளை தூங்கிவிட்டால் ஒரு மணி நேரம் யாரோடும் ஒரு வார்த்தை பேச முடியாது. இரண்டு வருடத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். "சரி, வைக்கட்டுமா? உங்களுக்கு வேலை இருக்கும்," என்றாள்.

"எனக்கு என்ன வேலை?" என்றேன். "அந்தக் கிழவரு நேத்து வந்தாரா?"

"நேத்து மழை," என்று தொடங்கினாள்.